அடி காணாது

அடி என்கிற அந்தச் சின்னச் சொல்லை நாங்கள் எத்தனை வேலைக்கு வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? கடல் அடித்தது. பீரங்கிச் செல் அடித்தார்கள். கணக்கு வாத்தியார் அடித்தார். பாட்டும் அடித்தது. பாட்டுச் செட்டைப் போட்டால் அதன் அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்து எங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் குந்திக்கொள்ளுமே ஒரு தாழ்ந்த சத்தம், அதற்கும் எங்கள் வீட்டில் அடி என்றுதான் பேர். பேஸ் என்று குமிழுக்குக் கீழே எழுதியிருந்தது. அண்ணன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. "அடி காணாது" என்பான். காணாது என்றால் எங்கள் பக்கத்தில் போதாது. சோறு காணாது, மழை காணாது, அடி காணாது.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுக்கு, வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் அந்த ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு, கண்ணாடியில் நரை எட்டிப் பார்க்கிற இந்த வயதில் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு செட் இருந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் குந்தியிருக்க ஒரு அண்ணனும் இருந்திருப்பான்.

கடல் அடித்த காலையில் எங்கள் அண்ணன் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போயிருந்தான். பதினைந்து வயது. அலை அவனைச் சுருட்டிக்கொண்டு வந்து தாழம்பற்றைக்குள் செருகிவிட்டுப் போனது. பின்னேரம் அப்பா இழுத்தெடுத்தபோது காது, மூக்கு, வாய் எல்லாம் கறுத்த மண். எங்கள் வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆனாலும் நாங்கள் நாலு பேரும் உயிரோடு இருந்தோம். அதற்கு மேல் எதையும் கேட்கக்கூடாது என்பது போலத்தான் அப்போது எல்லோரும் நடமாடினார்கள்.

பள்ளிக்கூட முகாமில் அண்ணனின் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. அம்மா நல்லெண்ணெயில் உள்ளியைப் பொரித்து, இளஞ்சூட்டில் துளி துளியாக விட்டு, பஞ்சால் அடைத்தாள். வைத்தியர்கள் வந்த நாளில் நாங்களும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் கால் நசிந்தவர்கள், முதுகு கிழிந்தவர்கள், ஒன்றும் ஆகாமல் ஆனால் பேச்சை விட்டுவிட்டவர்கள். அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "காதுதானே மனே, சுகமாகிரும்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு வந்தாள். சில கிழமைகளில் சீழ் நின்றது. சுகம் என்று சொன்னாள். நின்றது சீழ் மட்டும்தான். இதை எழுத இன்று எனக்கு ஒரு வரி போதுமாக இருக்கிறது. அன்று அதைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு நாள் கிடைக்கவில்லை.

மறு ஆண்டு திட்ட வீடு கிடைத்தது. வாவிக்குக் கிட்ட, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். இரண்டு அறை, தகரக் கூரை, பச்சைச் சீமெந்தின் மணம். வீடு குடிபுகுந்ததற்கென்று, கட்டாரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு செட் அனுப்பினார். பெட்டியை உடைத்தபோது வெள்ளை ரெஜிபோம் துண்டுகள் அறை முழுக்கப் பறந்து எங்கள் தலையில் ஒட்டிக்கொண்டன. கறுத்த செட், நீல வெளிச்சம், என் இடுப்பளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டி. சாமிப் படத்துக்கு வைத்த செவ்வரத்தம் பூவில் ஒன்றை எடுத்து அம்மா செட்டின் மேல் வைத்தாள். அப்பா சிரித்தார். "கும்பிடுறியா அத?"

"ஓம். இவன வீட்டில வைச்சிருந்தாக் கும்பிடத்தான் வேணும்."

அம்மா பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளை பிடித்தார்கள். பிடித்தவர்களின் பேரை எழுத வரவில்லை. ஒரு மாதம் ஒரு பேர், அடுத்த மாதம் வேறு பேர், வாகனம் மட்டும் எப்போதும் வெள்ளை. பதினாறு பதினேழு வயதுப் பொடியன் ரோட்டுக்கு இறங்கினால் திரும்பி வருவது அவன் கையில் இல்லை. அந்த இரண்டு ஆண்டும் அம்மாவுக்கு உலகத்தில் ஒரே வேலைதான் இருந்தது: அண்ணனை வாசற்படிக்கு உள்ளே வைத்திருப்பது. சமையல், கிணறு, கோயில் எல்லாம் அந்த வேலையின் இடையிடையே நடந்தன.

பள்ளிக்கூடத்தில் அவனைப் பற்றிப் புகார் வந்தது. "கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறானில்ல, தடிப்புப் பிடிச்சவன்" என்றார் வாத்தியார். "வீட்டிலயும் அப்படித்தான் சேர்" என்றார் அப்பா. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே விசயத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அதன் பக்கத்தாலேயே நடந்து போனார்கள். படிப்பை நிற்பாட்டினார்கள். அம்மாவுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. அண்ணன் முழுநேரமும் செட்டோடு இருந்தான்.

அடியைத் தேடி அவன் அந்த வீட்டைச் சாண் சாணாக அளந்தான். நடுச்சுவரில் நின்ற பெட்டிகளை மூலைக்குத் தள்ளினான். மூலை அடியை ஒன்றுக்கு இரண்டாக்கித் தந்தது. கல்லுக்கு மேல் தூக்கி வைத்தால் மெலிந்தது, வெறுந்தரையில் வைத்தால் பருத்தது. பெட்டிகளின் பின்பலகையைக் கழற்றி, நிவாரணத்துக்குக் கிடைத்த தலையணையைக் கிழித்துப் பஞ்சை அடைத்தான். முதலில் கூடிப்போய் அடி மூச்சு முட்டியது, பாதியை எடுத்தான். பலகை பொருந்துகிற வெடிப்புகளுக்கு மெழுகுதிரியை உருக்கி விட்டான். அப்பா மேசன் வேலைக்குப் போன வீட்டில் மிஞ்சிய தடித்த வயரைக் கெஞ்சி வாங்கி, தும்பு போன்ற பழைய வயரை வீசினான். அடிக்குத் தகரக் கூரை கிலுங்கியது. ஏறி, ஒவ்வொரு ஆணிக்கும் கீழே சைக்கிள் ரியூப் துண்டு செருகினான். பெட்டி ஆடாமல் இருக்க அம்மிக் குழவியைக் கொண்டுபோய் மேலே வைத்தான்.

"டேய், சம்பல் அரைக்க ஒண்ணாடா."

"அரைக்காதம்மா. இடி. இடிச்சாத்தான் ருசி."

அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள், சிரித்துக்கொண்டு. பிறகு குழவி அங்கேயே இருந்துவிட்டது. உரலில் இடித்த சம்பலைத் தின்றோம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அண்ணன் இரண்டு பெட்டிக்கும் நடுவில் சுவரில் முதுகை ஒட்டிக் குந்திக் கண்ணை மூடுவான். பிறகு என்னைப் பார்ப்பான். "இப்ப எப்படி எலி?" சின்னதிலிருந்தே நான் அவனுக்கு எலி. சாக்குக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்து அவனுடைய டொபியைத் தின்ற நாள் தொட்டு வந்த பேர்.

"நெஞ்சில குத்துது" என்பேன்.

"காணாது."

ஒருநாள் வீடு கூட்டும்போது தும்புத்தடி பட்டு ஒரு பெட்டியின் வயர்கள் கழன்றுவிட்டன. பயத்தில் அள்ளிச் செருகினேன். அண்ணன் வந்து பாட்டைப் போட்டான். பாட்டு வந்தது, அடி வரவில்லை. ஒரு நிமிசத்தில் கண்டுபிடித்து என் காதைப் பிடித்தான். "சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாத்திக் குடுத்தா ஒண்டு முன்னுக்குத் தள்ளேக்க மற்றது பின்னுக்கு இழுக்கும். ரெண்டும் ஒண்டையொண்டு திண்டிரும். விளங்கிச்சா எலி?" விளங்கியது. நன்றாக விளங்கியது. அந்த விளக்கத்தை மறக்க நான் எதைக் கொடுக்கவும் தயார்.

பிறகு படுவான்கரைக்கு அடிக்கத் தொடங்கினார்கள். வாவிக்கு இந்தப் பக்கத்திலிருந்து போன செல் அந்தப் பக்கத்தில் விழுந்தது. முதலில் இங்கே ஒரு குத்து, கொஞ்சம் பொறுத்து அங்கே ஒரு குத்து. இடையில் இருக்கிற மௌனத்தில்தான் சனம் வாழ்ந்தது. தோணிகளில் மூட்டையோடும் ஆட்டோடும் வந்து இறங்கினார்கள். அப்பாவின் தம்பி குடும்பம் அந்தக் கரையில் இருந்தது. வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கரண்ட் போய்ச் செட் நின்றிருந்தது. குசினியில் முதுகைக் காட்டி நின்ற அம்மா, பானையைத் துடைத்தபடி தலையைப் பாதி திருப்பிக் கேட்டாள்: "மனே, அடி கேக்குதா?"

அண்ணன் அவள் உதட்டின் கடைசியை மட்டும் பிடித்திருப்பான். "காணாதம்மா" என்றான். "இன்னும் கொஞ்சம் கூட்டோணும்."

வாயில் சோறு இருக்கும்போதே அப்பா அறைந்தார். "அங்க சனம் சாகுது. உனக்குக் காணாதா?"

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோறு ஒட்டிய கன்னத்தோடு அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முறைக்கிறான் என்று நினைத்து அப்பா இன்னொன்று வைத்தார். அவன் பார்த்தது கண்ணை அல்ல, வாயை. அந்தச் சின்ன வித்தியாசம் சோற்றுத் தட்டுக்கு மேலே, பட்டப்பகலில், எங்கள் எல்லோருக்கும் முன்னால் கிடந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவன் செட்டை இன்னும் கூட்டிப் போட்டான். கூட்டக் கூட்ட அம்மா மெலிந்தாள். நாய் குரைப்பது கேட்க வேண்டும், வாகனம் ஒழுங்கைக்குள் திரும்புவது கேட்க வேண்டும், கேட்டால்தான் அவனைப் பின்பக்கத்தால் வாவிக்கரைப் பற்றைக்குள் தள்ள முடியும். ஒருநாள் காலை, எங்கள் செட் பாடிக்கொண்டிருந்தபோதே, மூன்று வீடு தள்ளி ஒரு பொடியனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுடைய தாய் கத்தினது எங்களுக்குக் கேட்கவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் கேட்டது. அப்போது அவளுக்குக் குரல் போய்விட்டிருந்தது.

அன்று அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"புள்ள, நீதானே அவனோட நிண்டு செய்யிறவள். அந்த அடிய மட்டும் இல்லாமப் பண்ணு."

"அண்ணாட்டச் சொல்லுங்களன்."

"சொன்னாக் கோவிச்சுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிருவான். அவனுக்குத் தெரியப்படாது."

அவன் குளிக்கப் போன நேரம் கத்தி முனையால் ஒரு பெட்டியின் பின்பலகையில் நாலு ஆணியைக் கழற்றினேன். வெளியில் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே உள்ளே, ஸ்பீக்கரின் முதுகில் கவ்வியிருந்த இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கவ்வவிட்டேன். பலகையை மூடி, மெழுகைத் திரும்ப உருக்கி விட்டேன். சுத்தமான வேலை. அவனே பழக்கிய கை.

குளித்துவிட்டு வந்து பாட்டைப் போட்டான். தகரத்தில் மணல் கொட்டினது மாதிரி ஒரு பாட்டு வந்தது. அண்ணன் கூட்டினான். பின்னால் போய் வயரைப் பார்த்தான், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இடது பெட்டியில் உள்ளங்கையை வைத்தான். வலது பெட்டியில் வைத்தான். இரண்டும் கையில் அதிர்ந்தன. எழும்பி நடுவில் வந்து நின்றான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

"எலி, உனக்கு அடி கேக்குதா?"

அவனுக்குப் பின்னால் நிலையில் சாய்ந்து நின்ற அம்மா கண்ணைக் காட்டினாள்.

"கேக்குதே" என்றேன். "நெஞ்சில குத்துது."

அவன் 'காணாது' என்று சொல்லவில்லை. செட்டை நிற்பாட்டினான். அன்றும் அடுத்த இரண்டு நாளும் மூலையில் குந்தியிருந்தான். இடைக்கிடை விரலை உரசிக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பான். "பாத்தியா, எவ்வளவு அமைதி" என்று அம்மா என் தலையைத் தடவினாள். அந்த மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் காலை அம்மா சங்கக் கடைக்கு மா வாங்கப் போயிருந்தாள். அப்பா வேலையில். அண்ணன் பெட்டியைத் தூக்கிச் சைக்கிளின் பின் கரியரில் வைத்தான். சரியாக அந்தப் பெட்டி, நான் திறந்த பெட்டி.

"காத்தான்குடிக்குப் போய் ரேடியோ நானாட்டக் காட்டிட்டு வாறன். அம்மா வாறதுக்குள்ள வந்திருவன்."

"போகாத அண்ணா."

அவன் குனிந்து ரியூப் கயிறால் பெட்டியை இறுக்கிக்கொண்டிருந்தான், முதுகு என் பக்கம். நான் கிட்டப் போனேன். "நான்தான் மாத்தினன் அண்ணா. உள்ளுக்க வயர் மாறியிரிக்கி. போகாத" என்றேன். முழுவதையும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவன் முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தான். ஏறி மிதித்தான். கோபம், பதில் சொல்லாமல் போகிறான் என்று நினைத்தேன். பின்னேரம் வந்ததும் காதைப் பிடித்து முறுக்குவான், முறுக்கட்டும் என்று நினைத்தேன்.

மத்தியானம் அப்பா அண்ணனின் சைக்கிளை மட்டும் உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் பெட்டி கட்டியபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம், வாவியோர ரோட்டில், வாகனம் வருவதைக் கண்டு யாரோ கத்தியிருக்கிறார்கள். கச்சான் கடலை விற்கிற மனுசி ஒருத்தி அங்கே இருந்தாள். மறுநாள் அம்மா அவள் காலடியில் போய் விழுந்தபோது அவள் சொன்னாள்: "எல்லாப் பொடியனும் ஓடிட்டான் தங்கச்சி. நானும் சுளகால அடிச்சுக் கத்தினன். அந்தப் புள்ள மட்டும் சைக்கிள நிப்பாட்டி, கயிற இறுக்கிக்கொண்டு நிண்டான். வாகனம் பின்னால வந்து நிக்கும் வரைக்கும் திரும்பிக்கூடப் பாக்கல்ல."

"ஏன் மனே ஓடல்ல, ஏன் மனே ஓடல்ல" என்று அம்மா அந்த ரோட்டைக் கேட்டாள்.

ஒரு கிழமை போன பிறகு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ரேடியோ நானாவிடம், ரேடியோ திருத்துகிற அந்த முஸ்லிம் அண்ணரிடம், போனார். அண்ணன் எத்தனை மணிக்குப் புறப்பட்டான், யாராவது பின்னால் போனார்களா என்று கேட்கத்தான் போனோம். சீலைக் கடைகளுக்கு நடுவில் ஒடுங்கிய கடை. ஈயம் உருகிய மணம். நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"தம்பி பெட்டிய வெச்சிட்டு என்ன கேட்டார் தெரியுமா? 'பெட்டி பழுதா, காது பழுதா? எதெண்டு பாத்துச் செல்லுங்க நானா' எண்டார். நான் தொறந்து பாத்தன். உள்ளுக்க வயர் மாறியிரிக்கி. சரியாக்கி, இஞ்ச கிடந்த இன்னொரு பெட்டியோட சேத்துப் போட்டன். அடி வந்திச்சி. அந்தப் புள்ள அழுதார். சிரிச்சிச் சிரிச்சி அழுதார். காது முழுக்கப் போகல்ல எண்டு."

அப்பா விளங்காமல் பார்த்தார். "காதுக்கு என்ன?"

நானா அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னை. குரல் தணிந்தது. "உங்களுக்குத் தெரியாதா? தம்பிக்கு மேல் சத்தம் ஒண்டும் கேக்கிறல்ல. கடல் அடிச்ச நாளில இருந்தாம். அடி மட்டுந்தான் கேக்குமாம். வாயப் பாத்துத்தான் கதைக்கிறவர். இத வீட்டில செல்லுங்க எண்டு நானும் எத்தின தரம் செல்லியிரிக்கன். 'அம்மா பாவம் நானா, அவ சுகமாக்கின காது, சுகமாவே இரிக்கட்டும்' எண்டார்."

மேலே காற்றாடி சுற்றியது. அப்பாவின் கை மேசையில் கிடந்த ஒரு பழைய காந்தத்தைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தது. சோற்றுத் தட்டும் கன்னத்தில் விட்ட அந்த இரண்டு அறையும் அவருக்குள் திரும்பி வந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"வயர் ஆர் மாத்தினதெண்டு கேட்டன்" என்றார் நானா. "சிரிச்சார். 'வீட்டில ஒரு எலி இரிக்கி நானா, போய் வாலப் பிடிச்சித் தூக்கிறன்' எண்டார்."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. வரும் வழியில் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தார். "அம்மாட்டச் சொல்லாத" என்றார். எதைச் சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. காதையா, வயரையா, அறையையா? எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டோம். அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது, ஏன் ஓடவில்லை. பதில் வைத்திருந்த இருவரும் அவள் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டோம்.

ஒரே ஒரு தரம் அப்பா அந்தப் பெட்டியைச் செட்டில் பூட்டிப் பாட்டைப் போட்டார். ஏன் போட்டார் என்று தெரியாது. அடி எழும்பியது. அண்ணன் அத்தனை மாதம் தேடின அடி, கூரை கிலுங்காமல், பெட்டி ஆடாமல், நெஞ்சுக்குள் வந்து குந்தியது. குசினியிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். மூலையைப் பார்த்தாள். அங்கே அப்பா குந்தியிருந்தார். அதற்குப் பிறகு செட்டுக்குத் துணி போட்டு மூடினோம். குழவி அம்மிக்குத் திரும்பிப் போனது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். எங்கோ ஒரு வாகனத்தில் பெரிய பெட்டிகளை வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த அடிக்கு எங்கள் கூரையில் அண்ணன் செருகின ரியூப் துண்டுகள் உக்கி உதிர்ந்தன. அம்மா கேட்டாள்: "முடிஞ்சிட்டுதெண்டா, இனி விடுவாங்கள்தானே?"

பிறகு காணாமல் போனவர்களைப் பதிகிற படிவங்கள் வந்தன. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்திலும், கோயில் மண்டபத்திலும், தடுப்பு முகாம் வாசல்களிலும் வரிசை. இந்த முறை அம்மா வரிசையை விட்டு விலகவில்லை. வெயிலில் நாள் முழுக்க நின்றாள். எல்லாப் படிவத்திலும் ஒரு கோடு இருந்தது: விசேட அடையாளங்கள்.

ஒரு மண்டபத்தில், ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் மேசையில், மூன்று பேரும் குனிந்து நிரப்பினோம். எழுதுகிற கை எப்போதும் என்னுடையது. பேர், வயது, உயரம், இடது முழங்காலில் தாழை கிழித்த தழும்பு. அந்தக் கோட்டில் இன்னும் இடம் இருந்தது. நான் பேனையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தேன். அவர் என் பேனையின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டைப் பிரித்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் நான் எழுதப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

"என்ன யோசிக்கிறாய்?" என்றாள் அம்மா. வெற்றுக் கோட்டில் விரலை வைத்தாள். நகத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. "இதில எழுது புள்ள. பேரச் சொல்லிக் கூப்பிட்டா வருவான் எண்டு எழுது. நல்லா, சத்தமாக் கூப்பிடச் சொல்லி எழுது."

பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவான் என்று எழுதினேன்.